விக்கிப்பீடியாவில் நம் நிறுவனத்தின் பக்கம்: கை வைப்பதற்கு முன்

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீடு அடுத்த மாதம் வருகிறது. முதல்வர் அறையில் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும்போது, கணினித் துறையின் இளைய பேராசிரியரையோ நூலகரையோ பார்த்து அந்த வரி வரும்: “நம் விக்கிப்பீடியா பக்கம் பழைய தகவலாகவே கிடக்கிறது. கொஞ்சம் பார்த்து நன்றாக எழுதிப் போட்டுவிடுங்கள்.”

இந்தக் கட்டுரை அந்தப் பேராசிரியருக்கும் நூலகருக்கும். கல்லூரி என்று எழுதினாலும் மருத்துவமனை, அறக்கட்டளை, கூட்டுறவு வங்கி, அரசுத் துறை எதற்கும் இது பொருந்தும்.

தமிழ் விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் தினமும் புரட்டுகிற எனக்கு இந்தக் கதையின் அடுத்த காட்சி மனப்பாடம். காலை பதினொரு மணிக்குக் கல்லூரியின் பெயரிலேயே ஒரு கணக்கு முளைக்கும். சேர்க்கைக் கையேட்டிலிருந்து ‘இயற்கை எழில் சூழ்ந்த 25 ஏக்கர் வளாகத்தில்’ என்று தொடங்கும் ஆறு பத்திகள் கட்டுரையில் வந்து விழும். அரை மணியில் யாரோ நீக்குவார்கள். மறுபடி ஒட்டுவார். மறுபடி நீக்கப்படும். “இது எங்கள் கல்லூரி. எங்களைப் பற்றி எழுத எங்களுக்கு உரிமை இல்லையா?” என்று ஒரு கோபக் கடிதம் வரும். மாலைக்குள் கணக்கு முடக்கப்பட்டிருக்கும். மறுநாள் முதல்வர் கேட்பார்: “போட்டாயிற்றா?”

உரிமை பற்றிய அந்தக் கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரியும். பல்கலைக்கழகத் தேர்வுப் பணிக்குப் போகும்போது, ‘என் நெருங்கிய உறவினர் யாரும் இந்தத் தேர்வை எழுதவில்லை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். உங்கள் நேர்மையைச் சந்தேகித்து யாரும் அதைக் கேட்பதில்லை. சொந்தப் பிள்ளையின் விடைத்தாளில் எது பிழை என்று எந்த அப்பாவுக்கும் சரியாகத் தெரியாது, அவ்வளவுதான். விக்கிப்பீடியர்கள் நலமுரண் என்று சொல்வது இதைத்தான்.

வரலாற்றைப் படியுங்கள்

கணக்குத் தொடங்குவதற்கும் முன்னால், உங்கள் நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையைத் திறந்து, மேலே இருக்கும் வரலாறு என்ற இணைப்பைச் சொடுக்குங்கள். யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு சேர்த்தார், எவ்வளவு எடுத்தார் என்று வரிவரியாக வரும். பச்சை எண் சேர்ப்பு. சிவப்பு எண் நீக்கம். இரண்டு வரிகளைத் தேர்ந்து ஒப்பிட்டால் எந்தச் சொல் போய் எந்தச் சொல் வந்தது என்று அருகருகே தெரியும்.

பெரும்பாலும் இங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். உங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் இதே வேலைக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். பச்சையில் 9,400 என்று ஒரு வரி. அதற்கு நேர் மேலே சிவப்பில் 9,400, கூடவே ‘விளம்பரம்’ என்று ஒற்றைச் சொல் விளக்கம். கட்டுரையின் தலையில் ‘விளம்பரம் போல எழுதப்பட்டுள்ளது’ என்ற அறிவிப்பு தொங்கினால், அதன் காரணமும் இங்கேதான் இருக்கும். நீங்கள் வெற்றுத் தாளில் தொடங்கவில்லை, கெட்ட பெயரோடு தொடங்குகிறீர்கள் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வரலாறு மறையாது என்பதை அமெரிக்காவில் பலர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். வர்ஜில் கிரிஃபித் என்ற மாணவர் 2007 ஆகஸ்டில் விக்கிஸ்கேனர் என்ற கருவியை வெளியிட்டார். பயனர் கணக்குத் தொடங்காமல் செய்த திருத்தங்களோடு பதிவாகியிருந்த ஐபி எண்கள் எந்தெந்த நிறுவனத்துடையவை என்று அது பொருத்திக் காட்டியது. வாக்குப்பதிவு இயந்திரம் தயாரித்த டீபோல்ட் நிறுவனத்தின் இணைப்பிலிருந்து, அந்த இயந்திரங்களைப் பற்றிய ஐயங்களைச் சொன்ன 15 பத்திகள் 2005-இல் நீக்கப்பட்டிருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. நீக்கிய பத்திகள் விரைவிலேயே கட்டுரைக்குத் திரும்பிவிட்டன. நீக்கிய கதை இன்றும் சொல்லப்படுகிறது.

கணக்கும் அறிவிப்பும்

கணக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும், அலுவலகத்தினுடையதாக அல்ல. ஒரு கணக்கை நான்கு பேர் பகிர்ந்துகொள்வது கூடாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் நிறுவனத்தின் பெயரை மட்டும் பயனர் பெயராக வைத்தால் முடக்கிவிடுவார்கள். ‘இன்ன கல்லூரியின் இன்னார்’ என்கிற மாதிரி வைக்கலாம். ஜெர்மன் விக்கிப்பீடியாவில் நிறுவனப் பெயரில் சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கே இடமுண்டு. ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு ஊர். நுழையும் ஊரின் வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் கேட்பதற்கான இடம் ஆலமரத்தடி என்ற பக்கம்.

எல்லா ஊருக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகள் 2014 ஜூனில் திருத்தப்பட்டன. பணம் பெற்றுக் கட்டுரைகளைத் தொகுப்பவர் (அதாவது எழுதுபவர், திருத்துபவர்), தனக்குப் பணம் தருவது யார், யாருக்காகச் செய்கிறார், என்ன தொடர்பு என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ‘இதற்கென்று எனக்குத் தனியாக ஒரு ரூபாயும் தரவில்லையே’ என்பார்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில், மேலதிகாரி சொல்லி, வேலையின் பகுதியாகச் செய்தால் அது பணம் பெற்றுச் செய்வதுதான். அதே சமயம், தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் ஓய்வு நேரத்தில் தொல்காப்பியம் பற்றிய கட்டுரையைத் திருத்தினால் இந்த விதி அவரைத் தொடாது. சம்பளம் வாங்குவது குற்றமல்ல. சம்பளம் தருபவரைப் பற்றி எழுதுவதில்தான் சிக்கல்.

உங்கள் பயனர் பக்கத்தில் இப்படி எழுதினால் போதும்:

“வணக்கம். நான் இன்ன கல்லூரியில் நூலகராக வேலை செய்கிறேன். நிர்வாகம் கேட்டுக்கொண்டதன்பேரில், கல்லூரியைப் பற்றிய கட்டுரைக்குத் திருத்தங்களைப் பரிந்துரைக்க வந்திருக்கிறேன். அந்தக் கட்டுரையை நேரடியாகத் தொகுக்க மாட்டேன்.”

மூன்றே வரி. இதை எழுதக் கூச்சப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்களுக்குக் கிடைக்கும் மரியாதையையும் பார்த்திருக்கிறேன்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழக்கு உண்டு. ஐஐபிஎம் என்ற வணிக மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் விளம்பரங்கள் ஒரு காலத்தில் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் அதைப் பற்றிய கட்டுரையைப் பல ஆண்டுகள் அந்த நிறுவனத்துக்குச் சாதகமாக வளைத்துவந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர், விக்கிப்பீடியாவின் நிருவாகிகளுள் (பக்கங்களை நீக்கவும் கணக்குகளை முடக்கவும் அதிகாரம் பெற்ற தன்னார்வலர்கள்) ஒருவர். 2014 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், அந்த நிறுவனம் தன் படிப்புகளுக்கு எம்பிஏ, பிபிஏ என்ற பெயர்களைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2015 பிப்ரவரியில் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு அந்த நிருவாகியின் பொறுப்பைப் பறித்துத் தளத்திலிருந்தே தடை செய்தது. பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று தேடுகிற பெற்றோர் முதலில் படிப்பது இந்த மாதிரிக் கட்டுரையைத்தான். அதனால்தான் இந்த விஷயத்தில் விக்கிப்பீடியர்களுக்கு இவ்வளவு கடுகடுப்பு.

வேலை நடக்கும் இடம் பேச்சுப் பக்கம்

ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது. தலைப்புக்கு அருகில் உரையாடல் என்ற இணைப்பைச் சொடுக்கினால் வரும். ஊழியராகிய நீங்கள் எழுத வேண்டியது அங்கே. கட்டுரையில் மாற்றுவது, தொடர்பில்லாத இன்னொருவரின் வேலை.

நான் அடிக்கடி பார்க்கும் கோரிக்கை இப்படி இருக்கும்: “எங்கள் கட்டுரையில் பல தவறுகள் உள்ளன. இத்துடன் உள்ள ஆவணத்தைப் பார்த்து உடனடியாகப் புதுப்பிக்கவும்.” ஆவணம் என்பது 14 பக்கம். எதிர்ப்புறத்தில் இருப்பவர் அலுவலகம் முடிந்து வந்து, குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கணினியைத் திறந்த தன்னார்வலர். அவர் அதை மூடிவிட்டுப் போய்விடுவார், நானும் போயிருக்கிறேன்.

வேலை நடக்க வேண்டுமானால் இப்படி எழுதுங்கள்:

“வரலாறு பகுதியின் இரண்டாம் வரியில் ‘1986-இல் தன்னாட்சி பெற்றது’ என்று இருக்கிறது. தன்னாட்சி கிடைத்தது 1987-இல். பல்கலைக்கழக மானியக் குழுவின் தன்னாட்சிக் கல்லூரிகள் பட்டியலில் இந்த ஆண்டு இருக்கிறது. இணைப்பைக் கீழே தந்திருக்கிறேன். 1986 என்பதை 1987 என்று மாற்றக் கோருகிறேன். நான் இந்தக் கல்லூரியின் ஊழியர்.”

எந்த வரி, எது பிழை, எது சரி, எங்கே சான்று, நான் யார். படிப்பவர் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்து மாற்றிவிடலாம். ஒரு கோரிக்கையில் ஒரு விஷயம் போதும். கடைசியில் நான்கு அலைக்குறிகளை (~~~~) இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாகப் பதியும். ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கென்றே கோரிக்கை வார்ப்புரு (ஆயத்தமாக இருக்கும் குறியீடு) உண்டு. அதைச் சேர்த்தால் கோரிக்கை ஒரு பொது வரிசைக்குப் போகும்.

பிறகு காத்திருக்க வேண்டும். ஒரு நாளிலும் நடக்கலாம், மூன்று வாரமும் ஆகலாம். தமிழில் கைகள் குறைவு. இரண்டு வாரம் பதிலில்லை என்றால் ஆலமரத்தடியில் பணிவாக ஒரு வரி எழுதுங்கள். தாமதமாகிறது என்று நீங்களே கட்டுரையில் இறங்கினால், அதுவரை சேர்த்த நல்ல பெயர் ஒரே சொடுக்கில் போய்விடும்.

நேரடியாகத் தொடக்கூடியவையும் கொஞ்சம் உண்டு: எழுத்துப்பிழை, செயலிழந்த இணைப்பு, அப்பட்டமான விஷமம். கல்லூரிப் பக்கங்களில் மூன்றாவதற்குக் குறைவே இருக்காது. முதல்வரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் இருக்கும். அதைத் தயங்காமல் எடுங்கள், சேமிக்கும்போது நிரப்பும் தொகுப்புச் சுருக்கத்தில் ‘விஷமத் தொகுப்பு நீக்கம், நான் இக்கல்லூரி ஊழியர்’ என்று எழுதுங்கள். உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிச் சான்றில்லாத அவதூறு இருந்தாலும் எடுத்துவிட்டு, நிருவாகி ஒருவருக்குத் தெரிவியுங்கள்.

கடினமானது இன்னொன்று: உண்மையாக நடந்த, நிர்வாகம் மறக்க விரும்பும் ஒன்று. விடுதி உணவு சரியில்லை என்று மாணவர்கள் மறியல் செய்தார்கள், நாளிதழில் வந்தது, கட்டுரையில் ஒரு பத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அதை முதலில் எடுங்கள்’ என்பது உங்களுக்கு வந்த உத்தரவு. எடுக்காதீர்கள், எடுக்கச் சொல்லியும் கேட்காதீர்கள். சான்றாகக் காட்டியிருக்கும் செய்தியைத் திறந்து படியுங்கள். செய்தி சொல்லாததைப் பத்தி சொல்கிறதா? அதைச் சுட்டிக்காட்டுங்கள். பிறகு விசாரணை நடந்து அதன் முடிவு செய்தியாக வந்ததா? அதையும் சேர்க்கக் கேளுங்கள். நாற்பது ஆண்டு வரலாறு இரண்டு வரியிலும் ஒரு நாள் மறியல் மூன்று பத்தியிலும் இருந்தால், இது அளவு மீறியது என்று வாதிடுங்கள். இந்த மூன்று வாதங்களும் செல்லும். ‘எங்கள் பெயர் கெடுகிறது’ என்ற வாதம் செல்லாது.

வழக்குப் போடுவோம் என்று பேச்சுப் பக்கத்தில் மிரட்டாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அதற்கே கணக்கை முடக்குவார்கள். 2024-இல் ஏஎன்ஐ செய்தி நிறுவனம், தன்னைப் பற்றிய கட்டுரை அவதூறானது என்று தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கைப் பற்றியே விக்கிப்பீடியாவில் இன்னொரு கட்டுரை எழுந்தது. அதை நீக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு பத்தியோடு தொடங்கிய மனக்குறை இரண்டு கட்டுரைகளில் போய் நின்றது.

பக்கத்து ஊர்க் கல்லூரிச் சோதனை

உங்களிடம் தரப்படும் வரைவு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்: “நிறுவனரின் தொலைநோக்கில் உருவான எங்கள் கல்லூரி, கிராமப்புற மாணவியரின் வாழ்வில் ஒளியேற்றி வருகிறது. உலகத் தரம் வாய்ந்த ஆய்வகங்களும் அனுபவமிக்க பேராசிரியர்களும் கொண்ட இந்நிறுவனம் சிறந்த வேலைவாய்ப்பை உறுதிசெய்கிறது.”

கல்லூரியின் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்து ஊர்க் கல்லூரியின் பெயரை எழுதிப் படித்துப் பாருங்கள். இடிக்காமல் பொருந்துகிற வாக்கியம் எதுவானாலும் நீக்குங்கள். மேலே உள்ள பத்தியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இப்போது அலுவலகத்தில் மூத்தவர் யாரையாவது கேளுங்கள். “தொடங்கிய புதிதில் கட்டடம் ஏது? ஆறு வருடம் அரிசி ஆலைக் கிடங்கில்தான் வகுப்பு நடந்தது” என்பார். அதுதான் கட்டுரைக்குரிய வரி. பக்கத்து ஊர்க் கல்லூரியால் அதைத் தன்னுடையதென்று சொல்ல முடியாது. ஆனால் மூத்தவரின் நினைவு சான்றாகாது. பழைய நாளிதழிலோ, மாவட்ட வரலாற்று நூலிலோ அந்தக் கிடங்கு வந்திருக்கிறதா என்று தேட வேண்டும். நூலகரை இந்த வேலைக்கு அனுப்பியது எவ்வளவு சரி என்று முதல்வருக்கே அப்போதுதான் தெரியும்.

சான்றுகளில் ஒரு பொறி இருக்கிறது. நாளிதழில் வந்ததெல்லாம் செய்தியல்ல. சேர்க்கைக் காலத்தில் வரும் சிறப்பு மலரில் உங்கள் கல்லூரியைப் பற்றி அரைப் பக்கம் வந்திருக்கும். அதற்கான ரசீது உங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும். நீங்கள் எழுதி அனுப்பிய செய்திக்குறிப்பு அப்படியே அச்சானால் அதுவும் உங்கள் குரல்தான். உங்கள் இணையதளம் தொடங்கிய ஆண்டுக்கும் முகவரிக்கும் சான்றாகும்; ‘சிறந்த’ என்பதற்கு ஆகாது. அங்கிருந்து பத்திகளை நகலெடுத்து ஒட்டினால் காப்புரிமைச் சிக்கலும் வரும். எழுதியது உங்கள் அலுவலகமே என்றாலும், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிடாத உரையை அங்கே வைக்க முடியாது.

படங்களும் அப்படியே. ஆண்டு விழாப் படத்தை எடுத்த ஸ்டுடியோக்காரரிடம் உரிமை இருக்கலாம். பணம் கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் அதைத் தீர்த்துவிடாது. நீங்களே கைபேசியில் வளாகத்தைப் படமெடுத்து விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமாகிய விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். சேர்க்கை விளம்பரப் பலகை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தி நார்த் ஃபேஸ் நிறுவனத்தின் விளம்பரதாரர்கள் 2019-இல் சுற்றுலா இடங்களைப் பற்றிய கட்டுரைகளில் தங்கள் ஆடைகளும் பைகளும் தெரியும் படங்களாகப் பார்த்து மாற்றிவைத்துவிட்டு, அதைப் பெருமையாக வெளியே சொல்லவும் செய்தார்கள். படங்கள் போயின; நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

கட்டுரையே இல்லை என்றால்

முதலில், வேண்டுமா என்று யோசியுங்கள். உங்களோடு தொடர்பில்லாத நம்பகமான ஊடகங்களோ நூல்களோ உங்கள் நிறுவனத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். குறிப்பிடத்தக்கமை என்பது அதுதான். அது இல்லாமல் தொடங்கும் கட்டுரை நீக்கப்படும். இருந்தால், உங்கள் மணல்தொட்டியில் (உங்கள் கணக்குக்கு உரிய சோதனைப் பக்கம்) வரைவை எழுதி, மற்றவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கூகுளில் மேலே வரலாம் என்ற ஆசையில் இதில் இறங்குபவர்களுக்கு ஒரு தகவல்: விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே போகும் இணைப்புகளைத் தேடுபொறிகள் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று 2007 முதலே குறியிடப்படுகிறது.

இந்த இடத்தில் இன்னொருவர் நுழைவார். ‘உங்கள் வரைவு நிராகரிக்கப்பட்டதைப் பார்த்தோம். குறைந்த கட்டணத்தில் வெளியிட்டுத் தருகிறோம், நீக்கப்படாமல் பாதுகாப்போம்’ என்று மின்னஞ்சல் வரும். பணம் கொடுக்காதீர்கள். விக்கிப்பீடியாவில் கட்டுரை வெளியிடக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியா இந்தத் தொழிலைச் செய்த 381 கைப்பாவைக் கணக்குகளை (வேறு வேறு ஆட்கள்போலக் காட்டும் போலிக் கணக்குகள்) ஒரே வீச்சில் முடக்கி, அவை எழுதிய 210 கட்டுரைகளை நீக்கியது. பணம் கொடுத்த சிறு நிறுவனங்களுக்குப் பணமும் போனது, பக்கமும் போனது.

முதல்வரிடம் என்ன சொல்வது

இந்த வேலையின் பாதி விக்கிப்பீடியாவில் இல்லை, முதல்வர் அறையில் இருக்கிறது. அங்கே வெறுங்கையோடு போகாதீர்கள். வரலாறு பக்கத்தில் அந்தச் சிவப்பு வரிகளை அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். “இதற்கு முன் மூன்று முறை நாம் எழுதியது போய்விட்டது. இந்த முறை நான்கு பிழைகளுக்குச் சான்றோடு கோரிக்கை வைத்திருக்கிறேன்; இரண்டு மாறிவிட்டது” என்று சொன்னால் புரிந்துகொள்வார். அந்தப் பக்கம் நம்முடையது இல்லை, நம்மைப் பற்றியது என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

அவருக்குக் கொடுக்க இன்னொரு யோசனையும் இருக்கிறது. நிறுவனங்கள் விக்கிப்பீடியாவில் தாராளமாகச் செய்யக்கூடியது, தங்களைப் பற்றி எழுதாமல் தங்களிடம் இருப்பதைக் கொடுப்பது. 2010-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஒரு விக்கிப்பீடியரைத் தன்னோடு சில வாரங்கள் உட்காரவைத்து, தன் சேகரிப்பைப் பற்றிய கட்டுரைகளுக்கு உதவச் சொன்னது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடிய நாட்டுடைமை நூல்கள் ஆயிரக்கணக்கில் விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான இணைய நூலகம், தமிழ் விக்கிமூலத்தில் இருக்கின்றன. உங்கள் தாவரவியல் துறையில் அந்த மாவட்டச் செடிகளின் படங்கள் இருக்கலாம், நூலகத்தில் காப்புரிமை முடிந்த பழைய நூல்கள் இருக்கலாம். அவற்றை ஏற்றுவதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

கட்டுரையை உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டு மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். வேலை மாறிப் போகும் நாளில், பயனர் பக்கத்து அறிவிப்பில் ‘முன்னாள்’ என்று ஒரு சொல்லைச் சேருங்கள். அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் கடவுச்சொல்லைக் கேட்பார். கொடுக்காதீர்கள்; பேச்சுப் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். அவர் தன் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கட்டும்.